காலையில் ஒரு மணி நேரம் நடந்தும் சாப்பிட்டபின் சுகர் ஏன் இறங்கவில்லை?

நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிக்கொள்கிறேன். அப்பாவுக்கு 63 வயது. பல வருடங்களாகக் காலையில் ஒரு மணி நேரம் பூங்காவில் நடக்கிறார். வெறும் வயிற்றில் சுகர் 118, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 236, மூன்று மாதச் சராசரி (HbA1c) 7.8 சதவீதம். மெட்ஃபார்மினும் க்ளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரையைக் காலையும் இரவும் எடுக்கிறார். சாப்பிட்டபின் பத்து நிமிடம் நடந்தாலே போதும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். சாப்பிட்ட கையோடு நடந்தால் செரிக்காது, உட்கார் என்கிறார் பாட்டி. இருவரில் யார் சொல்வது சரி என்பது உங்கள் கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: இவ்வளவு ஒழுங்காக நடக்கிறவருக்கு அந்த ஒரு எண் மட்டும் ஏன் அசையவே இல்லை? நான் பொது மருத்துவர். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் சர்க்கரை நோயாளிகள். இதே கேள்வியோடு வருகிறவர்களை அன்றாடம் பார்க்கிறேன். அப்பாவை நேரில் பார்க்காமல் மாத்திரை அளவைப் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. மற்றதைச் சொல்கிறேன்.

முதலில் அப்பாவின் நாளைப் பாருங்கள். விடிகாலையில் நடை முடிகிறது. அதன்பின் குளியல், பேப்பர், எட்டரைக்கு நாலு இட்லி, பிறகு நாற்காலி. மத்தியானம் சாதம், சாம்பார், ரசம், கொஞ்சம் கண்ணயர்வு. இரவு ஒன்பது மணிக்கு தோசையோ சப்பாத்தியோ, டிவி, பத்து மணிக்குப் படுக்கை. உங்கள் அப்பா அப்படியே இப்படித்தான் என்று சொல்லவில்லை; ஓய்வு பெற்றவர்கள் பலருடைய நாள் இப்படித்தான் போகிறது. சர்க்கரை ரத்தத்தில் ஏறுகிற மூன்று வேளையிலும் உடம்பு அசையாமல் இருக்கிறது. நடக்கிற நேரத்திலோ ஏறுவதற்குச் சர்க்கரையே வயிற்றில் இல்லை. காலை நடை வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. வெறும் வயிற்று அளவு 118-ல் நிற்பதில் அதற்கும் ஒரு பங்கு இருக்கும். அரை மணி நேரத்துக்கு மேல் நன்றாக நடந்தால் இன்சுலினுக்கு உடம்பு கொடுக்கிற மதிப்பு கூடும். அந்தப் பலன் ஒன்றிரண்டு நாள் வரைகூட நிற்கும். ஆனால் இரவு தோசை சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் வருகிற ஏற்றத்தை, காலையில் நடந்த நடையால் முழுவதுமாகத் தடுக்க முடியாது.

சாப்பிட்டபின் நடப்பதில் என்ன விசேஷம் என்றால், நடக்கும்போது சுருங்கி விரிகிற தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையைத் தானே எடுத்துக்கொள்கிறது. சும்மா இருக்கும்போது தசைக்குள் சர்க்கரை போக இன்சுலின் வந்து சொல்ல வேண்டும். டைப் 2 சர்க்கரை நோயில் அந்தச் சொல் எடுபடாமல் போவதுதான் பிரச்சினையே. தசை வேலை செய்யும்போது, ஜிஎல்யூடி 4 என்கிற கடத்திப் புரதங்கள் இன்சுலினை எதிர்பார்க்காமலே செல்லின் உள்ளிருந்து மேற்பரப்புக்கு வந்து சர்க்கரையை உள்ளே விடுகின்றன. முன்வாசல் பூட்டு துருப்பிடித்துப் போன வீட்டில் கொல்லைக் கதவு நன்றாகவே திறப்பது மாதிரி. பல வருடம் சர்க்கரை இருந்தவர்களுக்கும் இந்த வழி கெடாமல் இருக்கிறது. இதில் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

இனி ஆய்வுகள். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் 2016-ல் வெளியிட்டது உங்கள் கேள்விக்கு மிக நெருங்கி வருகிறது. டைப் 2 சர்க்கரை நோய் உள்ள 41 பேர். இரண்டு வாரம், நாளில் எப்போது வேண்டுமானாலும் 30 நிமிடம் நடந்தார்கள். வேறு இரண்டு வாரம், மூன்று வேளை உணவுக்குப் பின்னும் பத்துப் பத்து நிமிடம் நடந்தார்கள். மொத்த நேரம் இரண்டிலும் ஒன்றுதான். பிரித்து நடந்தபோது உணவுக்குப் பின் வருகிற ஏற்றம் 12 சதவீதம் குறைந்தது. இரவு உணவுக்குப் பின் மட்டும் பார்த்தால் 22 சதவீதம். இரவில் அதிகப் பலன் தெரிந்ததற்குக் காரணம் சிக்கலானதல்ல: அவர்கள் மாவுச்சத்தை அதிகம் சாப்பிட்டதும் அந்த வேளையில்தான், அதிகம் உட்கார்ந்திருந்ததும் அந்த வேளையில்தான். அதற்கு முன்பே, 2013-ல், ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அறுபது வயது தாண்டியவர்களை வைத்து ஒரு சிறிய ஆய்வு நடந்தது. மூன்று வேளைக்குப் பின் பதினைந்து நிமிட நடையையும், ஒரே மூச்சில் 45 நிமிட நடையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரவு உணவுக்குப் பிந்தைய அளவைக் குறைத்தது சாப்பிட்டபின் நடந்த நடைதான். அதில் பங்கெடுத்தவர்கள் பத்துப் பேர் மட்டுமே, அவர்களும் முழுச் சர்க்கரை நோயாளிகள் அல்ல என்பதை மறக்க வேண்டாம். 2022-ல் அயர்லாந்தின் லிமெரிக் பல்கலைக்கழகத்தார் ஏழு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். உட்கார்ந்தே இருப்பதைவிட எழுந்து நின்றால் கொஞ்சம் பலன். நிற்பதைவிட இரண்டு முதல் ஐந்து நிமிடம் மெல்ல நடந்தால் இன்னும் நல்ல பலன்.

இங்கே ஒரு தப்பர்த்தம் பரவலாக இருக்கிறது, அதை விளக்கியே ஆகவேண்டும். 22 சதவீதம் குறையும் என்றதும், 236-ல் 22 சதவீதம் போனால் 184 என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். அப்படி இல்லை. அந்தச் சதவீதம் ஏற்றத்தின் மேல் கணக்கிடப்பட்டது. சாப்பிடுவதற்கு முன் 140 இருந்து, சாப்பிட்டபின் நூறு புள்ளி ஏறுகிறது என்றால் குறைவது அந்த நூறில்தான். அடியில் இருக்கிற 140 அப்படியே இருக்கும். ஆகவே அப்பாவுக்கு இருபது முப்பது புள்ளி இறங்கினாலே அது நல்ல பலன். முதல் நாளே 160 வரவில்லை என்று விட்டுவிட்டால் நஷ்டம் அவருக்குத்தான்.

இன்னொன்று, இந்த ஆய்வுகள் எல்லாம் சில நாளோ சில வாரமோ நடந்தவை. பத்து நிமிடப் பழக்கத்தை ஐந்து வருடம் கடைப்பிடித்தால் கண், சிறுநீரகம், இதயப் பாதிப்பு இவ்வளவு குறையும் என்று இவற்றை வைத்துச் சொல்ல முடியாது. மூன்று மாதச் சராசரி எவ்வளவு இறங்கும் என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் உங்கள் அப்பாவின் எண்கள் நம்பிக்கை தருகின்றன. பிரான்சில் மோனியே என்பவரின் குழு 2003-ல் காட்டியது இது: சராசரி 7.3-க்குக் கீழ் இருப்பவர்களிடம் அதிகப்படிச் சர்க்கரையில் சுமார் 70 சதவீதம் உணவுக்குப் பின் வருவது, 10.2-க்கு மேல் இருப்பவர்களிடம் அந்தப் பெரும் பங்கு வெறும் வயிற்று அளவிலிருந்து வருவது. 7.8-ல், அதுவும் வெறும் வயிற்றில் 118 வைத்திருப்பவருக்குப் பிரச்சினையின் பெரிய பங்கு உணவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. வெறும் வயிற்றில் 200 வருகிறவர் இதைக் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருக்கும். அவருக்கு முதலில் மருந்தைச் சரிசெய்ய வேண்டும்.

பாட்டி சொல்வதற்கு வருகிறேன். உண்ட களைப்பு தொண்டருக்கும் உண்டு என்பது பொய்யில்லை. சாப்பிட்டதும் குடலுக்கு ரத்தம் அதிகம் போகிறது, கண் சொக்குகிறது. அந்த நேரத்தில் வேகமாக நடந்தாலோ ஓடினாலோ விலாவில் பிடிக்கும், நெஞ்சுக்குப் புளிப்பு ஏறும். பாட்டி பயப்படுவது அதற்கென்றால் அவர் பயம் நியாயமானது. மெல்ல நடப்பதால் செரிமானம் கெடுவதில்லை. நெஞ்செரிச்சல் இருப்பவருக்குச் சாப்பிட்டதும் படுப்பதுதான் கெடுதல்; நிமிர்ந்து நாலு எட்டு நடப்பது அதைவிட எவ்வளவோ மேல். எவ்வளவு மெல்ல என்று கேட்டால், பக்கத்தில் வருகிறவரிடம் மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து கை கழுவிவிட்டு வெளியே வருகிறவர்கள் பேசிக்கொண்டே நடப்பார்களே, அந்த வேகம் போதும். இன்னும் கொஞ்சம் கூட்டினாலும் தப்பில்லை. வியர்க்க வேண்டும் என்பதில்லை.

எப்போது தொடங்குவது என்பதில்தான் பலர் பலனைக் கோட்டை விடுகிறார்கள். சர்க்கரை நோயாளிகளுக்குச் சாப்பிட ஆரம்பித்து ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் அளவு உச்சிக்குப் போகும். உச்சிக்குப் போவதற்கு முன்பே தசை வேலையில் இறங்க வேண்டும். கை கழுவி, தட்டை எடுத்து வைத்து, பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தொடங்கினால் நல்லது. அரை மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள். சீரியல் முடிந்து பத்து மணிக்கு நடந்தாலும் நடக்காமலிருப்பதற்கு மேல்தான், ஆனால் பலனில் ஒரு பகுதி அதற்குள் கை நழுவிப் போயிருக்கும். பத்து நிமிடம் குறைந்தபட்சம். பதினைந்து முடிந்தால் பதினைந்து. மூன்று வேளையும் முடியாதவருக்கு எந்த வேளை என்று கேட்டால், எந்த வேளையில் அரிசியும் மாவும் அதிகமோ அந்த வேளை. சமைத்த சாதம் நூறு கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. குவித்துப் போட்ட ஒரு தட்டில் எவ்வளவு என்று ஒரு தடவை வீட்டில் நிறுத்துப் பாருங்கள். காலை உணவை லேசாக எண்ணாதீர்கள்: விடிகாலையில் ஊறும் ஹார்மோன்களால் அப்போது இன்சுலின் சரியாக எடுபடாது, நாலு இட்லிக்கே அளவு ஏறிவிடும் பலரைப் பார்க்கிறேன். அப்பாவின் காலை நடையை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஒரு மணி நேரத்தில் கால் மணியை வெட்டி இரவுக்குக் கொண்டுபோகச் சொல்வேன். மற்றொரு கால் மணியை இட்லிக்குப் பின் வைத்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது.

எங்கே நடப்பது என்பதும் நம்மூரில் பெரிய விஷயம். மத்தியானம் இரண்டு மணி வெயிலில் தெருவில் இறங்கச் சொல்ல முடியாது. இரவில் தெருநாய், குண்டும் குழியுமான சாலை. வீட்டுக் கூடத்திலிருந்து சமையலறை வரை, அங்கிருந்து வாசல் வரை என்று நடந்தால் போதும். பூங்காவில் நடந்தால்தான் நடை என்று தசை பார்ப்பதில்லை. இன்னொன்றும் கேட்பார்கள், குறிப்பாகப் பெண்கள்: சாப்பிட்டபின் வீட்டு வேலை செய்கிறோமே, அது போதாதா? பெருக்குவது, துணி எடுத்து மடித்து அலமாரியில் வைப்பது, மாடிக்கு ஏறி இறங்குவது எல்லாம் கணக்கில் சேரும். தொட்டி முன்னால் நின்றபடி பாத்திரம் தேய்ப்பது நிற்பதில்தான் சேரும், பலன் கொஞ்சம்தான். எல்லோரும் சாப்பிட்டபின் கடைசியில் சாப்பிட்டுவிட்டு, வேலையெல்லாம் முடிந்ததென்று அப்படியே படுத்துவிடும் அம்மாக்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அவர்கள் செய்த அத்தனை வேலையும் அவர்கள் சாப்பிடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

முழங்கால் தேய்ந்தவர்களுக்கு மாற்று உண்டு. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, முழங்காலை ஒவ்வொன்றாகத் தூக்குவது, பாதி உட்கார்ந்து எழுவது. ஆஸ்திரேலியாவில் டைப் 2 நோயாளிகளிடம் செய்த 2016 ஆய்வு ஒன்றில், அரை மணிக்கு ஒருமுறை மூன்று நிமிடம் இவற்றைச் செய்தவர்களுக்கு உணவுக்குப் பிந்தைய அளவு நன்றாகக் குறைந்தது. உட்கார்ந்தபடியே கெண்டைக்காலை அசைத்தால் பாதிச் சர்க்கரை போய்விடும் என்று சுற்றுகிற வீடியோக்களும் உண்டு. அவற்றுக்கு மூலம் 2022-ல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் வந்த ஓர் ஆய்வு. அங்கே தசையின் மின் அசைவைக் கருவியில் பார்த்து, சரியான விதத்தில் மணிக்கணக்கில் செய்ய வைத்தார்கள். வீட்டில் டிவி பார்த்துக்கொண்டே காலாட்டினால் அதே பலன் வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. செய்வதால் கெடுதலும் இல்லை. நடக்க முடிந்தவர் நடப்பதே மேல்.

இனி எச்சரிக்கை. அப்பாவின் மாத்திரையில் மெட்ஃபார்மின் மட்டும் இருந்திருந்தால் சுகர் தாழ்ந்துவிடுமோ என்ற கவலை அனேகமாக வேண்டாம். க்ளிமிபிரைடு கணையத்தை அழுத்தி இன்சுலின் சுரக்க வைக்கும் மருந்து. க்ளிக்ளசைடு, க்ளிபென்க்ளமைடு ஆகியவையும் அதே வகை. இவற்றை எடுப்பவர்களுக்கும் இன்சுலின் போடுபவர்களுக்கும் தாழ் சர்க்கரை வரலாம். வயிறு நிறையச் சாப்பிட்டுப் பத்து நிமிடம் நடப்பதில் ஆபத்து குறைவு. மாத்திரையைப் போட்டுவிட்டு, பசியில்லை என்று அரை இட்லியோடு எழுந்து நடக்கிறாரே, அவருக்குத்தான் ஆபத்து. இரவு நடையை ஆரம்பிக்கும் முதல் வாரத்தில் படுக்கும் முன் ஒருமுறை குளுக்கோமீட்டரில் பாருங்கள். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, பேச்சுக் குழறல் தெரிந்தால் உடனே சோதித்து, 70-க்குக் கீழ் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு வேகத்தைக் குறைக்கும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பிரஷருக்கு அட்டினலால், மெட்டோபுரொலால் போன்ற மாத்திரை எடுப்பவருக்குப் படபடப்பு தெரியாமல் போகலாம், வியர்வை தெரியும். தொடையில் இன்சுலின் போட்டுக்கொண்டு உடனே நடப்பவர்களுக்கு அது வேகமாக ரத்தத்தில் சேரலாம், வயிற்றில் போடுவது நல்லது.

இதைவிட முக்கியமானது ஒன்று. சாப்பிட்டு நடக்கும்போது நெஞ்சு நடுவில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, நின்றால் போய்விடுகிறது, நடந்தால் மறுபடி வருகிறது என்று அப்பா சொன்னால், அதை வாயு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சோடா குடித்து, ஓமத் தண்ணீர் குடித்து, ஜெலுசில் குடித்து நாள் கடத்தியபின் வருகிறவர்களைப் பார்க்கும்போது மனது கஷ்டப்படுகிறது. சாப்பிட்டபின் நடந்தால் வருகிற நெஞ்சு இறுக்கம் இதய ரத்தக்குழாய் அடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளில் சிலருக்கு வலியே இல்லாமல் மூச்சுத் திணறல் மட்டும் வரும். நடையை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். நின்றும் வலி விடாவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். வயதானவர்களில் சிலருக்குச் சாப்பிட்டதும் ரத்த அழுத்தம் இறங்கி எழுந்தவுடன் தலை சுற்றும். அப்படிப்பட்டவர் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, பிடித்துக்கொண்டு எழுந்து, துணையோடு நடக்கட்டும்.

பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. வீட்டுக்குள் செருப்பா என்று தயங்குவார்கள். வெளியே போடாத தனி ஜோடி ஒன்று வைத்துக்கொண்டால் தீர்ந்தது. எம்.சி.ஆர். என்கிற மென்மையான ரப்பர் வைத்த செருப்பு கிடைத்தால் நல்லது. இரவில் நடை முடிந்ததும் உள்ளங்காலை ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள், குனிய முடியாதவருக்குக் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம்.

அப்பாவுக்கு இது பலிக்கிறதா என்று என்னைக் கேட்பதைவிட வீட்டு மீட்டரைக் கேட்பது மேல். ஒரு நாள் இரவு வழக்கமான தோசையைச் சாப்பிட்டுவிட்டு அவர் வழக்கம்போல உட்காரட்டும். இன்னொரு நாள் அதே தோசை, அதே எண்ணிக்கை, அதே சட்னி, அதே நேரம், அதே மாத்திரை. அன்றைக்குப் பதினைந்து நிமிடம் நடக்கட்டும். இரண்டு நாளும் சாப்பிடுவதற்கு முன் ஒருமுறை, முதல் வாய் வைத்ததிலிருந்து ஒன்றரை மணி நேரம் கழித்து ஒருமுறை. வீட்டு மீட்டரில் 15 சதவீதம் வரை ஏற்ற இறக்கம் சகஜம் என்பதால் ஒரே ஜோடியை நம்பாதீர்கள், மூன்று நாலு ஜோடி எடுத்துத் தாளில் எழுதிவையுங்கள். லேபில் கொடுக்கும் சோதனையிலும் நடந்தாரா உட்கார்ந்தாரா என்பது எண்ணை மாற்றும். வெறும் வயிற்று ரத்தம் கொடுத்துவிட்டுப் பக்கத்து ஹோட்டலில் டிபன் முடித்து, நேரம் போக வேண்டுமே என்று கடைத்தெருவைச் சுற்றி வருகிறவருக்கு வருகிற எண்ணும், பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தவருக்கு வருகிற எண்ணும் ஒன்றாக இருக்காது. சோதனை அன்று மட்டும் நடந்துவிட்டு வந்த நல்ல எண்ணைக் காட்டினால் டாக்டர் மாத்திரையைத் தவறாக முடிவு செய்வார். தினமும் எப்படியோ அன்றும் அப்படியே இருக்கட்டும், மாத்திரையும் வழக்கம்போலவே.

சாப்பிட்டு ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் 180-க்குக் கீழ் என்பது பொதுவான இலக்கு. நடையோடு சாதத்தின் அளவும் கொஞ்சம் குறைந்து, பருப்பும் காயும் கூடினால் அப்பா அங்கே வந்து சேர வாய்ப்பு இருக்கிறது. வராவிட்டால் மருந்தை மாற்ற வேண்டியிருக்கும், அது அவர் நடையின் குறை அல்ல. மாத்திரையைக் குறைக்கலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். நீங்களாகக் குறைக்க வேண்டாம். இரண்டு மூன்று மாதம் நடந்தபின் அந்தத் தாளையும் புதிய மூன்று மாதச் சராசரியையும் எடுத்துக்கொண்டு போங்கள். சாப்பிட்டபின் அளவு இறங்கி, இரவில் படுக்கும் முன் 100-ஐ ஒட்டி அடிக்கடி வந்தால், இரவு மாத்திரையில் இருக்கும் க்ளிமிபிரைடைத்தான் முதலில் பார்க்க வேண்டுமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.